'வயசு இருக்கு, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. அப்பாவுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்குப் பக்கவாதம். சமீபத்தில் எடுத்த பரிசோதனையில் என் பிபி 134/86, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 148. சர்க்கரை சரியாக இருக்கிறது. காட்டிய டாக்டர், 'இந்த வயசுல இதெல்லாம் ஒண்ணுமில்ல, நாற்பதுக்கு மேல பார்த்துக்கலாம்' என்றார். நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. தினமும் இரண்டு மூன்று சிகரெட், அதற்கு மேல் இல்லை. டிரெட்மில், சிடி ஸ்கேன் எல்லாம் எடுத்துவிடு, தினம் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கொள் என்கிறான் நண்பன். அக்காவுக்குக் கர்ப்பத்தின்போது பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போய், குறித்த தேதிக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டியதாயிற்று. இப்போது நன்றாக இருக்கிறாள். நான் இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது குடும்பத்தில் இருப்பது எப்படியும் வரத்தான் செய்யுமா? வீட்டில் அப்பாவும் நானும்தான். யாருக்காவது பக்கவாதம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட இரண்டு முக்கியமான கேள்விகளுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், இப்போதே செய்ய வேண்டும். எப்படியும் வரத்தான் செய்யும் என்பது உண்மையில்லை.

உங்களைப் பார்த்த டாக்டர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் புரிகிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடும் முறைகளைத்தான் நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். அந்தக் கணக்கில் எல்லாவற்றையும் விட வயதுக்குத்தான் மதிப்பு அதிகம். அவற்றில் பல, 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தவே முடியாதவை. 27 வயதுக்காரர் எந்த எண்ணோடு வந்தாலும் 'ஆபத்து குறைவு' என்றுதான் விடை வரும். அடுத்த பத்து ஆண்டுகளைப் பொறுத்தவரை அது சரியும்கூட. ஆனால் உங்களுக்கு 37 வயதோடு வாழ்க்கை முடிந்துவிடப் போவதில்லையே! 2023ல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட புதிய கணக்கீடு, 30 வயதிலிருந்தே அடுத்த 30 ஆண்டுகளுக்கான ஆபத்தையும் சேர்த்துச் சொல்கிறது. எங்கள் துறையிலும் பார்வை மாறிக்கொண்டு வருகிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நோய் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்து 1953ல் ஒரு கட்டுரை வெளியானது. அவர்களின் சராசரி வயது 22தான். நோய் என்று எதுவும் சொல்லாமல் போருக்குப் போன இளைஞர்கள். அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்புப் படிவு ஏதோ ஓர் அளவில் இருந்தது. மருத்துவ உலகையே அந்தக் கட்டுரை திகைக்க வைத்தது. மாரடைப்பு ஐம்பதில் வரலாம், அதற்கான வேலை இருபதிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

அந்த வேலை எப்படி நடக்கிறது? ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் துகள்கள் ரத்தக் குழாயின் உள் உறையைத் தாண்டிச் சுவருக்குள் நுழைகின்றன. சில அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. அவற்றை அப்புறப்படுத்த வெள்ளணுக்கள் வருகின்றன, விழுங்குகின்றன, விழுங்கிவிட்டு வெளியேற முடியாமல் அவையும் அங்கேயே தங்கிவிடுகின்றன. முதலில் மெல்லிய மஞ்சள் கோடு. ஆண்டுகள் போகப் போக அது தடித்து, உள்ளே குழைவான கொழுப்பும் மேலே ஒரு மூடியுமாக மேடாகிறது. ஒரு நாள் அந்த மூடி கிழிந்தால், காயம் என்று நினைத்து உடல் அங்கே ரத்தத்தை உறைய வைக்கிறது. அந்தக் கட்டி சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடலாம். இதயத்தில் நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம். கூடுதல் ரத்த அழுத்தமும் புகையும் இந்த உள் உறையைச் சேதப்படுத்தி எல்லாவற்றையும் வேகப்படுத்துகின்றன.

ஆகவே எண் எவ்வளவு என்பதோடு, அந்த எண்ணோடு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வட்டி குட்டி போடுவதுபோல இது சேர்ந்துகொண்டே போகும். இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சான்று 2006ல் வெளியான ஓர் ஆய்வு. பிசிஎஸ்கே9 என்ற மரபணு சரியாக வேலை செய்யாமல் பிறந்தவர்களுக்கு, அதன் காரணமாகவே வாழ்நாள் முழுக்க எல்டிஎல் குறைவாக இருக்கும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட கறுப்பின மக்களை 15 ஆண்டுகள் கவனித்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம்தான் குறைவு. இதய நோயோ 88 சதவீதம் குறைவு! அவர்களிலும் புகை பிடிப்பவர்கள் இருந்தார்கள், பிபி உள்ளவர்கள் இருந்தார்கள். நடுத்தர வயதுக்குப் பிறகு மாத்திரை போட்டு எல்டிஎல்லை அதே அளவுக்குக் குறைத்தால், ஐந்தாண்டுகளில் ஆபத்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் குறைகிறது. குறைத்த அளவு ஒன்றுதான். பிறந்ததிலிருந்து குறைவாக இருந்ததற்கும், நடுவில் குறைத்ததற்கும் அவ்வளவு வித்தியாசம். 'நாற்பதுக்கு மேல பார்த்துக்கலாம்' என்று சொல்லும்போது இந்த வித்தியாசத்தைத்தான் நாம் கைநழுவ விடுகிறோம்.

இப்போது உங்கள் குடும்ப வரலாறு. அப்பா அல்லது உடன் பிறந்த ஆணுக்கு 55 வயதுக்குள், அம்மா அல்லது உடன் பிறந்த பெண்ணுக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதை முன்கூட்டியே வந்த இதய நோய் என்று கணக்கில் எடுத்துக்கொள்வோம். உங்கள் அப்பாவுக்கு 51. ஆக, உங்கள் எல்டிஎல் 148ஐ, குடும்பத்தில் யாருக்கும் இதய நோய் இல்லாத ஒருவரின் 148ஐப் போல நான் பார்க்க மாட்டேன். பரம்பரையாக எல்டிஎல் மிக அதிகமாக இருக்கும் ஒரு குறைபாடு உண்டு, சுமார் 250 பேரில் ஒருவருக்கு. அதில் பொதுவாக எண் 190க்கு மேல் இருக்கும். உங்களுக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் லைப்போபுரோட்டீன் ஏ என்ற ஒரு ரத்தப் பரிசோதனையை மட்டும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இது பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவது, சாப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் மாறாது. வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும். சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது அதிகமாக இருக்கிறது, பெரும்பாலோருக்கு அது தெரிவதே இல்லை. உங்களுக்கும் அதிகம் என்று வந்தால் பயப்பட வேண்டாம், மற்ற எண்களை இன்னும் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

'வரத்தான் செய்யுமா' என்று கேட்டீர்கள் அல்லவா? மரபணு ரீதியாக அதிக ஆபத்து உள்ளவர்களையே தனியாக எடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு 2016ல் வந்தது. அவர்களுக்குள்ளேயே, புகைக்காமல், உடல் பருமன் இல்லாமல், உடற்பயிற்சியும் நல்ல உணவுமாக இருந்தவர்களுக்கு, அப்படி இல்லாதவர்களைவிட மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. மரபணுவை உங்களால் மாற்ற முடியாது. அது ஏற்றி வைக்கும் சுமையில் பெரும் பகுதியை இறக்கி வைக்க முடியும்.

பிபியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இளைஞர்கள் மிக அலட்சியமாக விடுவது இதைத்தான். மாற்ற முடிந்த காரணங்களில் பக்கவாதத்துக்கு முதல் காரணம் பிபி. என்னிடம் முப்பதுகளின் நடுவில் ஒருவர் வலது கையும் பேச்சும் போன நிலையில் வந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு. அவருடைய மனைவி பழைய கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். வேலையில் சேரும்போது எடுத்த மருத்துவச் சான்றிதழில் பிபி 150/96 என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தாளை அதன்பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவலி இல்லை, தலைசுற்றல் இல்லை, அதனால் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிபிக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. அளந்தால்தான் தெரியும்.

உங்கள் 134/86 உண்மையா என்று முதலில் உறுதி செய்வோம். மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். பட்டை உங்கள் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும். சிறிய பட்டை கட்டினால் எண் ஏறித்தான் காட்டும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, காலைக் குறுக்கே போடாமல் தரையில் பதித்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போனைத் தூர வையுங்கள். கை மேசை மேல், இதயத்தின் மட்டத்தில். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையிலும் மாலையிலும் இப்படி ஒரு வாரம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுங்கள். 135/85க்கு மேல் என்றால் அது உயர் ரத்த அழுத்தம்தான், டாக்டரிடம் போக வேண்டும். 120/80க்கும் அதற்கும் இடையில் இருந்தால் மாத்திரை இல்லாமலேயே இறக்கப் பார்க்கலாம்.

எப்படி இறக்குவது? உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. நாம் கையால் போடும் உப்பை விடப் பாக்கெட்டில் ஒளிந்து வரும் உப்பு நம்மை ஏமாற்றிவிடும், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடை கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பிபி சுமார் ஒரு புள்ளி இறங்கும். மது பிபியை ஏற்றும். இன்னொன்றையும் கேட்கிறேன், உங்கள் வயதுக்காரர்களிடம் நான் தவறாமல் கேட்பது. உடம்பை ஏற்றுவதற்காக ஜிம்மில் யாராவது கொடுத்த ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொள்கிறீர்களா? இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை அடிக்கடி போடுகிறீர்களா? மூக்கடைப்புக்கு மாத்திரை? இவையெல்லாம் பிபியை ஏற்றக்கூடியவை. எதுவும் இல்லாமலே எண் மிக அதிகமாக இருந்தால், இந்த வயதில் சிறுநீரகம், அட்ரீனல் சுரப்பி போன்றவற்றில் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிகரெட்டுக்கு வருவோம். 'இரண்டு மூன்றுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாளுக்கு 20 சிகரெட்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் ஆபத்தும் இருபதில் ஒன்றாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இதயம் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018ல் வந்த முடிவு இது. ஆண்களில், நாளுக்கு 20 பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி அளவு, ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. ரத்தம் உறையும் தன்மையும் குழாயின் உள் உறையும் கொஞ்சப் புகைக்கே பாதிக்கப்பட்டுவிடுகின்றன. அதனால் குறைப்பது போதாது, அறவே விட வேண்டும். பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் அரை நூற்றாண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒரு நல்ல செய்தியையும் சொல்கிறது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள். 30 வயதில் விட்டவர்கள் அந்தப் பத்தையும் ஏறக்குறைய முழுதாகத் திரும்பப் பெற்றார்கள். 60ல் விட்டவர்களுக்குக் கிடைத்தது மூன்று. உங்களுக்கு 27. மன உறுதியால் மட்டும் விடப் பார்த்து மூன்றாம் நாள் தோற்றுப்போனால் அது உங்கள் குணக்கேடு இல்லை, நிகோட்டினின் பிடி அப்படி. நிகோட்டின் பட்டை, மாத்திரை என்று உதவிகள் இருக்கின்றன, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அதற்குப் பதிலாக மின் சிகரெட்டுக்கு மாறிவிட்டால் போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், இதயத்துடிப்பையும் பிபியையும் ஏற்றும் நிகோட்டின் அதிலும் இருக்கிறது.

நடை, சாப்பாடு பற்றியெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். வாரத்துக்கு 150 நிமிடமாவது, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடங்கள், இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். வேலை நடுவே அடிக்கடி எழுந்திருங்கள். காய்கறி, பழம், பருப்பு, முழுத் தானியம், கொட்டைகள் கூடட்டும். வெண்ணெய், பாமாயில், கொழுப்புள்ள இறைச்சி குறையட்டும், எல்டிஎல்லை ஏற்றுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று ஒரு டேப்பால் அளந்து பாருங்கள், எடையை விட இது அதிகம் சொல்லும். தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். பலத்த குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பரிசோதிக்க வேண்டும், அதுவும் பிபியை ஏற்றும்.

இதெல்லாம் பலன் தருமா என்றால், 1985–86ல் 18 முதல் 30 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து அமெரிக்காவில் தொடங்கிய ஆய்வு ஒன்று இருக்கிறது. புகை இல்லை, மது அதிகம் இல்லை, உடல் பருமன் இல்லை, உடற்பயிற்சி உண்டு, நல்ல உணவு உண்டு என்று இந்த ஐந்தையும் கடைப்பிடித்தவர்களில் 60 சதவீதம் பேர், 20 ஆண்டு கழித்தும் பிபி, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் நல்ல அளவில் இருக்க நடுத்தர வயதை எட்டினார்கள். ஐந்தில் ஒன்றுமே இல்லாதவர்களில் அப்படி இருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு.

நண்பர் சொன்ன டிரெட்மில்லும் சிடி ஸ்கேனும் இப்போது வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் எதுவும் இல்லாத 27 வயதுக்காரருக்கு டிரெட்மில் ஒன்றும் சொல்லாது. இதயக் குழாயில் சுண்ணாம்புப் படிவைப் பார்க்கும் சிடி ஸ்கேனில் உங்கள் வயதில் பெரும்பாலும் சைபர்தான் வரும், ஏனென்றால் கொழுப்பு படிந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் சுண்ணாம்பு படியும். அந்தச் சைபரைப் பார்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சிகரெட்டைத் தொடர்ந்துவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். அப்பாவுக்கு அது அவசியம், ஸ்டென்ட் வைத்திருக்கிறார். இதய நோய் வராத ஒருவர் தினமும் போட்டால், வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் கசியும் ஆபத்துதான் கூடும்.

கொழுப்புக்கு மாத்திரை? இப்போதைக்குப் பொறுக்கலாம். சிகரெட்டை விட்டு, சாப்பாட்டை மாற்றி, மூன்று மாதம் கழித்து எல்டிஎல் மறுபடி பாருங்கள். உங்களைப் போலக் குடும்ப வரலாறு உள்ளவருக்கு 160க்கு மேல் இருந்தால் இளம் வயதிலேயே ஸ்டாட்டின் என்ற கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை யோசிக்கலாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. லைப்போபுரோட்டீன் ஏ அதிகம் என்று வந்தால் அந்தப் பேச்சை இன்னும் முன்பே தொடங்கலாம். அப்படி ஒரு நாள் தேவைப்பட்டால், 'இந்த வயசுலயே மாத்திரையா' என்று தயங்காதீர்கள்.

அக்காவைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்களைவிட அவரைப் பற்றித்தான் கவலை அதிகம். கர்ப்பத்தில் பிபி ஏறிச் சிறுநீரில் புரதம் போனவர்களுக்கு, பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிரசவம் முடிந்ததும் மகப்பேறு மருத்துவரிடம் போவது நின்றுவிடுகிறது, குழந்தையைப் பார்ப்பதிலேயே நாள் ஓடிவிடுகிறது, இதை அவருக்கு யாரும் சொல்வதும் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். அவர் ஆண்டுக்கு ஒரு முறை பிபி, சர்க்கரை, கொழுப்பு மூன்றும் பார்க்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் இந்தப் பழைய கதையைச் சொல்ல வேண்டும். கண்ணில் மின்னல் போலப் பளிச்சிட்டு அதன்பின் ஒற்றைத் தலைவலி வரும் வழக்கம் அவருக்கு இருந்தால், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். அதற்கு வேறு வழிகள் உண்டு. அப்புறம், அப்பாவின் 51 வயது அவருக்கும் பொருந்தும்.

கடைசியாகப் பக்கவாதம். எல்லாமே திடீரென்று வரும். முகம் ஒரு பக்கம் கோணும். இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று மட்டும் தானாகக் கீழே இறங்கும். பேச்சு குழறும், அல்லது நாம் சொல்வது அவருக்குப் புரியாது. பார்வை மங்கலாம், நடை தள்ளாடலாம். இதில் ஒன்று இருந்தாலே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் போக வேண்டும், பெரிய பக்கவாதத்துக்கு முன் அப்படி வந்து போவதுண்டு. வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் கூடாது, அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. அடைப்பு என்றால், அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கப்போவது, கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள் என்பதுதான். அந்த நேரத்தையும், அப்பா போடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.